பெண் கடல் ஓரத்தில் இரண்டு இரவுகள்

ராமேஸ்வரத்துக்கு இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் கடலைப் பார்த்தேனே தவிர, கடலில் இறங்கவில்லை. முதல் தடவை கல்யாணமான மூன்றாம் வருடம். மடியில் கைக்குழந்தை; அதற்கு ஜலதோஷம் வேறு. "நீ கரையிலேயே இரு, பிள்ளைக்கு ஈரம் ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் தடவை மாமனாரின் அஸ்தியைக் கரைக்கப் போனோம். பதினோரு பேருடைய மாற்றுத் துணி, செருப்பு, கைக்கடிகாரம், பணப்பை எல்லாம் என் மடிக்கு வந்து சேர்ந்தன. எல்லோரும் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து வருவதற்குள் கோயில் தீர்த்தங்களுக்கு நேரமாகிவிட்டது. யாரோ ஒரு செம்பில் கொண்டுவந்த கடல் தண்ணீரை என் தலையில் தெளித்தார்கள். புண்ணியத்துக்கு அது போதுமாம்!

ஆகவே, போன மாசி மாதம் எங்கள் வீதிப் பெண்கள், "கடற்கரையில கூடாரம் போட்டு ரெண்டு ராத்திரி தங்கலாங்க்கா, படகுல தீவுக்கும் போலாம்" என்று பேச்சை எடுத்தபோது, நான் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டேன். யோசனையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

நாங்கள் ஆறு பேர். மடத்துக்குளத்தில் ஒரே வீதி, அல்லது பக்கத்து வீதி. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஓவர்லாக் டெய்லர், இன்னொருவர் செக்கிங். மூன்று பேர் வீட்டிலேயே பண்டல் வாங்கிப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவர்கள். நானும் அதில் ஒருத்தி. ஆறாவது எங்கள் பெரியக்கா. அறுபது வயது தாண்டியவர், எங்களுக்கெல்லாம் சீட்டு நடத்துகிறவர். 'பத்திரிகையில எழுதினா எம் பேரைப் போட்டுடாதே' என்று ஐந்து பேரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டதால், பெயர்களை விட்டுவிட்டேன்.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் அமராவதி ஆறும் வாய்க்காலும்தான். அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால் அன்று பேச்சு முழுக்க அதுவாகத்தான் இருக்கும். சுற்றிக் கரும்பும் தென்னையும். நடுவில் தையல் மிஷின் சத்தம். கடலுக்கும் எங்களுக்கும் ஏழு மணி நேரத் தூரம்.

வீட்டில் சம்மதம் வாங்கியது தனிக் கதை. "கோயிலுக்குன்னா சரி. கூடாரத்துல போய்ப் படுக்கறதுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர். வேன் ஓட்டி வருகிறவன் டெய்லர் பெண்ணின் கூடப்பிறந்த தம்பி, தங்கப் போவது பெரியக்காவின் மகனோடு வேலை செய்கிறவர் வீட்டுத் தென்னந்தோப்பு, தோப்பில் காவலுக்கு ஒரு வயதான தம்பதி குடியிருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்ன பிறகு, "அம்மாவுக்கு யார் சொட்டு மருந்து விடறது?" என்று கேட்டார். மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். ஒரு நாளைக்கு நாலு வேளை மருந்து விட வேண்டும். அது நியாயமான கேள்விதான். நான் வாயடைத்து நின்றேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த மாமியார், "ஏன், உனக்குக் கை இல்லையாடா? அவ போயிட்டு வரட்டும்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்காகப் பேசிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

அடுத்த பிரச்சினை உடுப்பு. கடலில் சேலையோடு இறங்கினால் காலைச் சுற்றி இழுக்கும். நைட்டி என்றால் பலூன் மாதிரி உப்பி மேலே வந்துவிடும். இதற்கு வழி கண்டுபிடித்தவள் டெய்லர்தான். கம்பெனியில் மிஞ்சிய கறுப்புத் துணியை விலைக்கு வாங்கி, ஆறு பேருக்கும் முழுக்கால் பேன்ட்டும் முழங்கை வரை வரும் பனியனும் இரண்டே நாளில் தைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் பேன்ட் தைக்கிற எங்களில் ஒருத்தர்கூட அதுவரை பேன்ட் போட்டதில்லை! கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனால் உட்கார்ந்து எழ எவ்வளவு சுகம்!

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பழநி, திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம். ஏறக்குறைய 280 கிலோமீட்டர். புளிசாதமும் கச்சாயமும் வழியிலேயே பாதி தீர்ந்தன. பரமக்குடி தாண்டியதும் எங்கள் பக்கத்துப் பச்சை மறைந்து, பனைமரமும் வேலிக்கருவையும் வெட்டவெளியுமாக மாறிவிடுகிறது. உச்சிப்புளியில் இடது பக்கம் திரும்பி அரியமான் போகிற வழியில்தான் நாங்கள் தங்கிய தோப்பு. கடலை மரங்கள் மறைத்திருந்தன. முதலில் சத்தம்தான் கேட்டது.

இந்த மாதிரி பயணம் போக நினைக்கிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கூடாரம், அடுப்பு, டார்ச் லைட் எல்லாம் பிறகு. முதலில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். எங்கள் தோப்பில் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு கழிப்பறையும், நல்ல தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. அதை உறுதி செய்துகொள்ளாமல் பெரியக்கா முன்பணமே கொடுக்கவில்லை. பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பில் படுப்பது எவ்வளவு சகஜம்! அந்தத் தொல்லை எங்கள் ஆறு பேருக்கும் இல்லை.

வாடகைக்கு எடுத்த மூன்று கூடாரங்களையும் காவல்காரத் தாத்தாவே மரங்களுக்கு நடுவே, காற்றுக்கு முதுகு காட்டும்படி கட்டிக் கொடுத்தார். காய் விழுகிற மரத்தடியில் கட்டக் கூடாதாம். "நீங்க வந்த நேரம் நல்ல நேரம். வாடை அடங்கிருச்சு, கச்சான் இன்னும் எழும்பலை" என்றார். அந்தப் பக்கம் வடக்கே இருக்கிற பாக் நீரிணைக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் தங்கியது பெண் கடல் ஓரம்.

மாலை நாலரை மணிக்கு, கறுப்புப் பேன்ட் போட்ட ஆறு பேரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினோம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். நடந்துகொண்டே போகிறோம், இன்னும் இடுப்பளவு வரவில்லை. முதல் அலை வயிற்றில் பட்டபோது எனக்கு மூச்சு நின்று வந்தது. பயமா, குளிரா, சந்தோஷமா என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்தேன். தலை முங்கினேன். யாருடைய துணியும் என் மடியில் இல்லை. வாயில் போன உப்பைத் துப்பிவிட்டு மறுபடியும் முங்கினேன். செக்கிங் அக்கா, "போதும் வாங்க, தலை வலிக்கப் போகுது" என்று நாலு தடவை கூப்பிட்டார். நான் கேட்கவே இல்லை.

எங்களில் ஒருத்தி மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தாள். வழியிலேயே அவளுக்கு வீட்டுக்குத் தூரம் ஆகிவிட்டது. 'நான் வேன்லயே இருந்துக்கறேன்' என்று முகத்தைத் தொங்கப் போட்டவளிடம் பெரியக்கா வந்து நின்றார். "கோயிலுக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம் கண்ணு. கடலு என்ன கோயிலா? எந்திரிச்சு வா" என்றார். வலியோ அதிகப் போக்கோ இல்லாதவரை அந்த நாட்களில் குளிப்பதாலும் நடப்பதாலும் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர்களே சொல்கிறார்களே. சற்று நேரம் கழித்து அவளும் முழங்கால் தண்ணீருக்கு வந்தாள். பிறகு இடுப்புத் தண்ணீருக்கு வந்தாள்.

டெய்லர் பெண்ணுக்குத்தான் ஒரு சங்கடம் நேர்ந்தது. கெண்டைக்காலில் சுரீர் என்று ஏதோ பட்டு, சிவந்த கோடு கோடாகத் தடித்துவிட்டது. 'சொறி' என்றார் காவல்காரப் பாட்டி. கண்ணாடி மாதிரி மிதக்குமே, அந்த இழுது மீன். நாங்கள் அவசரத்தில் நல்ல தண்ணீரை ஊற்றித் தேய்க்கப் போனோம். பாட்டி தடுத்துவிட்டார். தேய்க்கக் கூடாது, மணல் போடக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீராலேயே அலச வேண்டும். ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டு வெந்நீரில் இருபது நிமிஷம் காலை வைத்திருந்தால் வலி இறங்கும். அவளுக்கு இறங்கிவிட்டது. மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். குழந்தைகளோடு போகிற தாய்மார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கு எங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதம். காற்று அடுப்பை நிற்கவிடவில்லை. கூடாரத்துப் படுதாவை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் கிளறினாள். சோற்றில் கொஞ்சம் மணல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்! காவல்காரத் தம்பதிக்கும் கொடுத்தோம். "இதென்ன, சோறும் குழம்பும் சேத்தே ஆக்கிட்டீகளா?" என்று சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

எட்டு மணியிலிருந்து வீடுகளிலிருந்து போன். ரேஷன் கார்டு எங்கே, பால் எத்தனை விசில், மோட்டார் போட்டது யார், அணைக்கவில்லையே... பால் எத்தனை விசில் என்று கேட்டது யார் வீட்டுக்காரர் என்று சொல்ல மாட்டேன்! ஒன்பதரைக்கு என் போன் அடித்தது. "அம்மா கண்ணு சிவந்திருக்கு. எரியுதுங்கறாங்க" என்றார் அவர். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இந்த நேரத்தில் வேனை எடுத்தால் விடிவதற்குள் போய்விடலாமா என்று மனம் கணக்குப் போட்டது. "எந்த மருந்து விட்டீங்க?" என்று கேட்டேன். பச்சை மூடியா, வெள்ளை மூடியா என்று விசாரித்ததில், அரை மணி நேரம் விட்டு விட்டு விட வேண்டிய இரண்டு மருந்தையும் ஒரே நேரத்தில் விட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அதோடு, துடைத்தது தோளில் கிடந்த துண்டால்! கண் டாக்டரின் நம்பருக்குப் பேசச் சொன்னேன். அவர்கள் இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு, 'வலியோ பார்வை மங்கலோ இருந்தால் இப்போதே கூட்டி வாருங்கள். இல்லையென்றால் கண்ணைத் தொடாமல் காலையில் வாருங்கள்' என்று சொன்னார்களாம். மாமியாருக்கு அவை இரண்டும் இல்லை. போனை வாங்கி, "எனக்கு ஒண்ணுமில்லை அம்மிணி, நீ தூங்கு" என்றார்.

தூக்கம் எங்கே வரும்? கூடாரத்துக்கு வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். கடல் இருட்டில் தூரத்து மீன்பிடிப் படகுகளின் விளக்குகள். பேச்சு வளர்ந்தது. செக்கிங் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து நாலு வருஷம் ஆகிறது. அதன்பின் வருகிற வேர்வையையும் படபடப்பையும் அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். எனக்கும் ஆறு மாதமாக அப்படித்தான் இருக்கிறது என்றேன். 'இதுக்கு டாக்டர்கிட்டப் போலாமா?' என்று அவர் என்னைக் கேட்க, நான் அவரைக் கேட்க, பெரியக்கா, "ரெண்டு பேரும் சேர்ந்து போய்த் தொலைங்க" என்றார். இருபது வருஷமாக ஒரே வீதி. இதைப் பேச ஏழு மணி நேரம் பயணம் செய்து வர வேண்டியிருந்தது.

காலையில் முதல் வேலையாகப் போன். கண் டாக்டர் பார்த்துவிட்டார், சிவப்பு இறங்கிவிட்டது, பயமில்லை என்றார் என் வீட்டுக்காரர். "சொட்டு மருந்துக்கு எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கலாமில்ல?" என்று ஒரு குறையும் சொன்னார். எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டித்தான் இருந்தேன்.

இரண்டாம் நாள் தீவுக்கு. பாம்பன் பாலத்தில் வேனை மெதுவாக விட்டான் தம்பி. பக்கத்தில் இரண்டு ரயில் பாலங்கள் தெரிந்தன. 1914ல் திறந்த பழையதில் 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்கிறது. எங்கள் வேன் போனது 1988ல் திறந்த சாலைப் பாலம். அதற்கு முன் ரயிலிலோ படகிலோதான் ராமேஸ்வரம் போக முடியும்.

குந்துகால் என்ற இடத்தில் வனத்துறைப் படகில் ஏறினோம். 1897 ஜனவரி 26ல் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து கரையேறியது இங்கேதான். நினைவு மண்டபம் இருக்கிறது. எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். பெரியக்காவுக்குப் பொத்தான் எட்டவில்லை. பெரியது ஒன்று தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

"ஏன், தீவுலயே கூடாரம் போட விடமாட்டாங்களா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். விடமாட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கடலுக்குள் வரிசையாக 21 தீவுகள். மனிதர் குடியிருப்பு இல்லை. 1986ல் இவற்றைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நினைத்த தீவில் நினைத்தபடி இறங்க முடியாது. நாங்கள் போன குருசடைத் தீவு மாதிரி அனுமதி உள்ள இடத்துக்கு, அவர்கள் படகில், அவர்களோடுதான் போக வேண்டும். 21 என்று புத்தகத்தில் இருந்தாலும், பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. தீவுக்கு அரணாக இருப்பது சுற்றியுள்ள பவளப்பாறை. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அதை வெட்டி எடுத்தார்கள். அரண் போனதும் அலை நேராக வந்து மண்ணை அரித்துவிட்டது. பவளப்பாறை கல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உயிருள்ள பூச்சிகள் கூட்டமாகக் கட்டுகிற வீடாம்! கடல் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அவை வெளுத்துச் செத்துப் போகின்றன. 2016 கோடையில் அப்படி ஏராளமாக வெளுத்ததாம்.

அலையாத்திச் செடிகளும், பவளத் துண்டுகள் கலந்த வெள்ளை மணலுமாகக் குருசடை சின்னத் தீவு. செருப்பு இல்லாமல் நடந்தால் காலைக் கிழித்துவிடும். கடல் பசு பற்றியும் வழிகாட்டி சொன்னார். அந்தப் பக்கத்தில் ஆவுளியா என்கிறார்கள். மீன் இல்லை, நம்மைப் போலக் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி. கடலடியில் முளைக்கும் புல்லைத் தின்று வாழ்கிறது. ஒரு வருஷத்துக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். துடுப்புக் கைக்குப் பின்னால், அக்குள் பக்கத்தில் அதற்குப் பால் காம்பு. ஒரு வருஷத்துக்கு மேல் பால் கொடுக்கும். குட்டி அம்மாவை விட்டு நகராது. வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் இறந்துவிடும். இதற்காகவே 2022ல் பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் ஆவுளியாவைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களே குறைவாம்.

திரும்பும்போது எங்களில் ஒருத்தியின் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பவளத் துண்டு ஒன்று வெளிப்பட்டது. மகளின் மீன்தொட்டியில் வைக்கவாம்! ஒரு துண்டு எடுத்தாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று சொல்லி, வந்த இடத்திலேயே போடச் செய்தார்கள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் அரை மணி சிரித்தோம்.

பக்கத்திலேயே சின்னப்பாலம் என்ற மீனவர் கிராமம். இளநீர் குடிக்க அங்கே ஒதுங்கினோம். மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு படகு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். சேலை, அதன் மேல் ஆண்கள் போடும் டீ-ஷர்ட், நெற்றியில் ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, காலில் ரப்பர் செருப்பைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். விரலுக்கு விரல் துணி சுற்றியிருந்தது. கடல்பாசி எடுக்கிறவர்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, முங்கி முங்கிப் பாறையிலிருந்து கையாலேயே பறித்து, இப்போதுதான் திரும்புகிறார்கள்.

டீ-ஷர்ட்டைப் பார்த்ததும் செக்கிங் அக்காவுக்குக் கண் சும்மா இருக்குமா? ஒரு பெண்ணின் கழுத்துப் பக்கம் உற்றுப் பார்த்து, "இது எங்கூர் பீஸ்தான். காலர்ல தையல் இறங்கியிருக்கு பாருங்க, செகண்ட்ஸ்ல போட்டது" என்றார். அந்தப் பெண் புரியாமல் விழித்தாள். விளக்கிச் சொன்னதும் படகுக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் பேச்சுக்குத் தடையில்லை.

அவர்கள் எடுப்பதில் முக்கியமாக இரண்டு வகை. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி. மரிக்கொழுந்திலிருந்துதான் நாம் மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று வாங்குகிற அகர் அகர் வருகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடையில் நான் மாதம் நாலு தடவை செய்வேனே! 10 கிராம் பாசியைக் கழுவி ஊறவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரையக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, இறக்கி, மூன்று டம்ளர் இளநீரும் வழுக்கையும் கலந்து தட்டில் ஊற்றினால், ஆறியதும் துண்டு போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். அது ஒரு பெண் மூச்சடக்கிப் பறித்தது என்று இத்தனை வருஷம் தெரியாது.

கட்டக்கோரையைப் பற்றி எடுத்துக் கொடுத்தவள் எங்கள் டெய்லர். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் துணிப் பிரின்டிங் பட்டறையில் வேலை. பருத்தித் துணியில் பூப்போடும்போது சாயம் பரவாமல் கெட்டியாக நிற்க ஆல்ஜினேட் என்று ஒரு பசைமாவைக் கலப்பார்கள். அது கடல்பாசியிலிருந்து வருகிறது என்று அவர் சொல்லியிருக்கிறாராம். கட்டக்கோரை போவது அதற்குத்தான். எங்கள் மடியில் விழுகிற பண்டலில், இவர்கள் கை பட்டது எத்தனையோ!

"கையைக் காட்டுங்க" என்றேன். சுற்றியிருந்த துணியை ஒரு அக்கா அவிழ்த்தார். உப்பில் ஊறி வெளுத்து, நகக்கண் எல்லாம் வெட்டுக்காயம். சிலர் பத்து வயதிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். தீவுகள் பூங்காவான பிறகு, தலைமுறையாகப் பாசி எடுத்த இடங்களுக்குப் போகக் கட்டுப்பாடு வந்தது. அந்த இழுபறி இன்னும் தீரவில்லை. இவர்கள் தாங்களாகவே கூடி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்புக் கருவி கூடாது, கையால்தான் பறிப்பது, பாசி வளர 45 நாள் முழுசாக விட்டுவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டார்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு, இதற்காக அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு 2015ல் 10,000 டாலர் விருது கொடுத்தது. விலை எப்படி என்று கேட்டோம். எங்கள் பீஸ் ரேட் மாதிரியேதான். போன வருஷம் சொன்னது இந்த வருஷம் இல்லை. யார் வைக்கிறார்கள் என்பதும் தெரிவதில்லை.

முதல் நாள் கரையில் உட்கார்ந்தவள், தயங்கித் தயங்கி, "அந்த மூணு நாள்ல என்னங்க்கா பண்ணுவீங்க?" என்றாள். "போற நாளே பன்னெண்டு. அதுல மூணு நாள் படுத்துட்டா யார் தருவா?" என்றார் அந்த அக்கா. படகில் இருக்கும் அத்தனை மணி நேரமும் ஒதுங்க இடம் கிடையாது என்பதால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்களாம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் கழிப்பறை விசாரித்து முன்பணம் கொடுத்தவர்கள்.

வேனில் துடைக்கப் போட்டிருந்த ஒரு பை பனியன் வேஸ்ட் இருந்தது. எங்கள் ஊரில் அது இல்லாத வண்டியே கிடையாது. டெய்லர் அதை எடுத்து வந்து, நீளநீளமாகக் கிழித்து அந்த அக்காவின் விரலில் சுற்றிக் காட்டினாள். இழுத்தால் நீளும், விட்டால் இறுகும், ஈரத்தில் வழுக்காது. ஐந்தாறு கைகள் நீண்டன. பை காலி.

அன்று ராத்திரி எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினோம். மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில், ஆட்களோடு வந்த ரயிலையும் ஊரையும் கடல் கொண்டுபோன இடம். இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரருகே யாருக்கும் பேச்சு வரவில்லை. 2017ல் போட்ட சாலையில் அரிச்சல்முனை வரைக்கும் வேன் போகிறது. அங்கே இரண்டு கடலையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பெண் கடல் அமைதி, ஆண் கடல் ஆவேசம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அன்றைக்குக் காற்று வடக்கிலிருந்து எழும்பியிருந்தது. ஆண் கடல் சாதுவாகக் கிடக்க, பெண் கடல்தான் பொருமிக்கொண்டு நின்றது. கடலை விற்ற அம்மாவிடம் கேட்டேன். "ஆறு மாசம் இது, ஆறு மாசம் அது" என்றார்.

செலவு ஆளுக்கு 3,400 ரூபாய். சீட்டுப் பணத்திலிருந்து பெரியக்கா கொடுத்தார்; பண்டல் காசில் மாதாமாதம் கழித்துக்கொள்கிறார். கறுப்புப் பேன்ட்டைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். மாமியார் ஆபரேஷன் ஆன கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல துணியாத்தான் இருக்குது" என்றார். நானும் செக்கிங் அக்காவும் அடுத்த வாரமே டாக்டரிடம் போய் வந்தோம்.

ஆறு பேருமாகச் சேர்த்த பத்துக் கிலோ பனியன் வேஸ்ட்டை மூட்டை கட்டிப் பார்சலில் அனுப்பினோம். பத்து நாள் கழித்துச் சின்னப்பாலத்திலிருந்து போன் வந்தது. "வந்து சேந்துருச்சுக்கா. இனிமே அனுப்புனா வெள்ளை வேணாம், பாசிக்கறை புடிச்சுக்குது. கறுப்பு இருந்தா அனுப்புங்க" என்றார் அந்த அக்கா. டெய்லரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த கறுப்பு ஆர்டர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.